நாக்கின் சாட்சி

பிடிக்காத ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொல்வது உபசாரம். அப்படிச் சொல்லிவிட்டு அதைத் தானும் நம்பத் தொடங்குவதற்கு என்ன பெயர்? இத்தாலியில் பரோலோ என்ற ஊரில், ஒரு நிலவறையில் கையில் கோப்பையோடு நின்றபோது இந்தக் கேள்வி எனக்கு வந்தது. வந்த இடத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. வங்கிக் குமாஸ்தா ஒருவன் இத்தாலியச் சிவப்பு ஒயினைப் பற்றி எழுதுவது நம் வட்டத்தில் சிலருக்குச் சிரிப்பையும் சிலருக்கு எரிச்சலையும் தரும். இரண்டும் நியாயமே.

பள்ளியில் கூடப் படித்தவன் ஒருவன் டூரினில் எஞ்சினியராக இருக்கிறான். வா, வா என்று ஐந்தாறு வருடமாக அழைத்துக்கொண்டிருந்தான். மூன்று வருடச் சேமிப்பும் சேர்த்துவைத்த லீவுமாக ஓர் அக்டோபரில் இரண்டு வாரம் போய்வந்தேன். அதற்கு முன் மதுவோடு எனக்கிருந்த சம்பந்தம், இலக்கியக் கூட்டம் முடிந்த பின் யாராவது வாங்கித் தரும் பிராந்தி. நம் ஊரில் ஒயின் ஷாப் என்ற பலகையின் கீழ் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்றார்கள். 2003-ல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்ட பிறகும் ஜனங்களின் வாயிலிருந்து அந்தப் பெயர் போகவில்லை.

புறப்படும் முன் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வாங்கிப் படித்தேன். எதையும் அனுபவிக்கும் முன்பே அதைப் பற்றிப் படித்துவிடுவது பி.ஏ. இங்கிலீஷ் படித்தவர்களின் வியாதி. முதலில் பெயர்களே குழப்பின. மோன்தெபுல்சியானோ என்பது அப்ருத்ஸோ பிரதேசத்தில் விளையும் ஒரு திராட்சை. அதே மோன்தெபுல்சியானோ தஸ்கனியில் ஓர் ஊர். அந்த ஊரின் புகழ்பெற்ற ஒயின் பிரதானமாக வேறொரு திராட்சையில், சாஞ்சொவேஸெயில், செய்யப்படுகிறது. தோல்செத்தோ என்றால் ‘சின்ன இனிப்பு’ என்று பொருள். குடித்தால் இனிப்பு கிடையாது. பரோலோ முழுக்க நெப்பியோலோ என்ற திராட்சையில் செய்யப்பட வேண்டும். அறுவடை வருடத்தின் நவம்பர் 1-லிருந்து கணக்கிட்டு 38 மாதம், அதில் 18 மாதமாவது மரத்தில், இருந்த பிறகே அதை விற்கலாம் என்பது சட்டம். இதெல்லாம் ஒரு குமாஸ்தாவுக்குப் பிடித்த சமாசாரம். நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். சுவைகளுக்கும் ஒரு கட்டம் உண்டு. நெப்பியோலோவுக்கு நேராக ‘தார், ரோஜா, செர்ரி’ என்று இருந்தது.

தார் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் தேர்தலுக்குத் தேர்தல் ரோடு போடுவார்கள். ரோஜா தெரியும். செர்ரி? நான் தின்றிருந்த செர்ரி, பேக்கரியில் கேக்கின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் சிவப்பு உருண்டை. அது பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஆக, என் நோட்டில் இருந்த செர்ரி கீட்ஸின் நைட்டிங்கேல் மாதிரி. அதைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். அது பாடிக் கேட்டதில்லை.

டூரினிலிருந்து ரயிலில் ஆல்பா, அங்கிருந்து பஸ்ஸில் பரோலோ. இரு பக்கமும் குன்றுகள், குன்றின் மேல் வரிவரியாகத் திராட்சை, பள்ளத்தில் மூடுபனி. பனி என்ற பொருள் தரும் இத்தாலியச் சொல்லிலிருந்துதான் நெப்பியோலோவின் பெயரே வந்தது என்கிறார்கள். நண்பனுக்குத் தெரிந்த ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், தன் நிலவறைக்கு அழைத்துப்போனார். மூன்று கோப்பைகள் வைத்தார். முதலாவது தோல்செத்தோ. குறையொன்றும் சொல்வதற்கில்லை. இரண்டாவது பார்பேரா. நல்ல புளிப்பு. புளியும் மோருமாக வளர்ந்த நாக்கு உடனே எழுந்து உட்கார்ந்தது. மூன்றாவது பரோலோ. எதிர்பார்த்த கருஞ்சிவப்பு இல்லை. வெளிறிய நிறம், ஓரத்தில் பழைய செங்கல்லின் சாயல். வாசனை வெகு தூரத்திலிருந்து வருவது போல வந்தது, நன்றாகவும் இருந்தது. வாயில் விட்டதும் கொட்டைப்பாக்கை மென்று துப்பிய பின் மிஞ்சும் அந்த இழுவை. ஈறும் நாக்கும் அண்ணமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. எனக்குப் பிடிக்கவில்லை.

‘அற்புதம்’ என்றேன். அதற்கான இத்தாலியச் சொல்லைப் புறப்படும் முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

பெரியவர் நண்பனிடம் ஏதோ கேட்டார். நாளை மதியச் சாப்பாட்டோடு குடிப்பதானால் இந்த மூன்றில் எதை எடுப்பேன் என்று கேட்கிறார் என்றான். பரோலோவைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இரண்டு வாக்கியம் பேசினார். நண்பன் அதை அங்கே மொழிபெயர்க்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டதற்குச் சொன்னான்: “தினசரி சாப்பாட்டுக்கு நாங்கள் குடிப்பது பார்பேரா, இது விற்பதற்கும் கல்யாணத்துக்கும் என்றார்.” இன்னொரு வாக்கியம்? “உன் நண்பர் நிறையப் படித்திருக்கிறார் என்றார்.”

அந்தக் குன்றுகள் இன்று பணம் விளையும் நிலம். ஆனால் ஆல்பாவில் பிறந்த பெப்பே ஃபெனோலியோ எழுதி 1954-ல் வெளிவந்த ‘லா மலோரா’வை ஆங்கிலத்தில் படித்திருக்கிறேன். வீட்டில் வழியில்லாமல் ஒரு குத்தகை விவசாயியிடம் வேலைக்கு அனுப்பப்படும் பையனின் கதை. அந்தக் குன்றுகளின் பசி அதில் அப்படியே இருக்கிறது. அந்தத் தலைமுறையின் வாசனை இன்னும் ஒட்டியிருக்கும் ஒரு மனிதரிடம் போய், புத்தகத்தில் படித்த ‘ஒயின்களின் அரசன்’ என்ற பட்டத்தை நான் ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறேன்.

திரும்பும் ரயில் பிரா என்ற ஸ்டேஷனில் நின்றது. நார்சோலே இங்கிருந்து பக்கம்தான் என்றான் நண்பன். எனக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. 1986 மார்ச்சில் இத்தாலியை உலுக்கிய விஷ ஒயின் அங்கேயிருந்த ஒரு கிடங்கிலிருந்துதான் கிளம்பியதாம். மலிவு ஒயினின் வீரியத்தைக் கூட்டிக் காட்ட மெத்தனால் கலந்திருந்தார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், சிலருக்குப் பார்வை போயிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். ஓர் ஊரில் பெரிய பாட்டிலில் லேபிளோடு வந்தது, இன்னோர் ஊரில் பாக்கெட்டில் வந்தது. நாக்குக்கு மெத்தனால் தெரியாது. சாதாரணச் சாராயத்திலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல நாக்கை நம்ப முடியாது. பரோலோவின் துவர்ப்புக்கு முகம் சுளித்த என் நாக்கு, விஷத்தைச் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டிருக்கும்.

அதே 1986-ல், அதே வட்டாரத்தில், பிரா ஊர்க்காரரான கார்லோ பெட்ரீனியும் அவருடைய தோழர்களும் ஆர்சிகோலா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஸ்லோ ஃபுட் என்று பின்னால் உலகம் முழுக்கப் பேசப்பட்டது அதிலிருந்து வளர்ந்தது. விஷத்தால் செத்தவர்கள் ஒரு பக்கம், ரசனையைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். ரசனை என்பதே பயமில்லாமல் குடிக்க முடிந்தவர்களின் சொகுசு என்று இந்த இடத்தில் ஒரு முற்போக்கு வாக்கியம் எழுதி முடித்துவிடலாம். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. மலிவு பாட்டில் வாங்கியவனும் ஒருவருடைய வாக்கை நம்பித்தான் வாங்கினான். குடிப்பதற்கு முன் அவனால் சோதித்துப் பார்க்க முடியாது. நாம் வாயில் போடுகிறவற்றிலும் கையில் எடுக்கிற புத்தகங்களிலும் முக்கால்வாசி இப்படி யாரோ ஒருவரின் வாக்கின் பேரில்தான் வருகின்றன. ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்கிறவன் சாட்சி சொல்கிறான். அப்படியானால் நான் அந்த நிலவறையில் சொன்னது என்ன சாட்சி?

சுவையின் அளவுகோல் பற்றி டேவிட் ஹ்யூம் 1757-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் டான் குயிக்ஸாட்டிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார். சான்சோவின் உறவினர் இருவரிடம் ஒரு பீப்பாய் ஒயினைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறார்கள். நல்ல ஒயின்தான், லேசாகத் தோல் வாசனை அடிக்கிறது என்கிறான் ஒருவன். நல்ல ஒயின்தான், லேசாக இரும்பு ருசி என்கிறான் மற்றவன். எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் ஒரு சாவி கிடக்கிறது, தோல் வாரில் கட்டியபடி. நுண்ணிய ரசனைக்கு இதைவிட நல்ல நிரூபணம் இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் நம்பினேன். இப்போது பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. சாவி நிரூபித்தது குறையை மட்டும். இருவரும் ‘நல்ல ஒயின்தான்’ என்று தொடங்கினார்களே, அதற்கு எந்தச் சாவியும் அடியில் கிடக்கவில்லை. குற்றம் கண்டுபிடிப்பதில் விமர்சகனுக்கு ஆதாரம் கிடைக்கலாம்; சந்தி பிழையைக் காட்டலாம், தழுவலைக் காட்டலாம். இது நன்றாக இருக்கிறது என்பதற்கு அவன் வாயைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. அவன் நேர்மை முழுவதும் வந்து நிற்க வேண்டிய இடம் அந்த ஒரு வாக்கியம். நாம் மிகவும் அலட்சியமாக எழுதும் வாக்கியமும் அதுதான்.

வாயே ஆதாரம் என்றால் வாயை நம்பலாமா? 2001-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு. ஒயின் சாஸ்திரம் படிக்கும் 54 மாணவர்களுக்கு, மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கான வார்த்தைகளை அள்ளிப் போட்டு வர்ணித்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் பயங்கரம். கண் சொன்னதை நாக்கு ஒப்புக்கொண்டது. லேபிளை நம்பலாமா என்றால் அதுவும் சிக்கல். தஸ்கனிக் கடற்கரையை ஒட்டிய போல்கெரியில் ஒரு மார்க்கீஸ், சட்டம் அந்த இடத்துக்கு எதிர்பார்க்காத பிரெஞ்சுத் திராட்சைகளை நட்டு, சாஸிகாயியா என்று ஒரு ஒயின் செய்தார். 1968-ம் வருட ஒயின்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. விதிகளுக்குள் அடங்காததால் அதன் லேபிளில் ‘மேஜை ஒயின்’ என்ற கடைசிப் படிநிலைதான் கிடைத்தது. குடித்தவர்கள் விடவில்லை. 1994-ல் சட்டம் இறங்கிவந்து அந்த ஒயினுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. யாரோ சிலர் லேபிளைப் படித்துவிட்டும் தங்கள் நாக்கு சொன்னதைச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் கிளையில் நகைக்கடன் பிரிவில் ஒரு மதிப்பீட்டாளர் இருக்கிறார். நகையை உரைகல்லில் இழுப்பார், பக்கத்தில் மாற்று தெரிந்த தங்கத்தை ஒரு கோடு இழுப்பார், திராவகம் ஒரு சொட்டு விடுவார், சொல்வார். நான் எழுதுவேன். எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை கேட்டேன். “பாத்துப் பாத்துத்தான் ஸார்” என்றார். நகை அழகாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சந்தேகம் இருந்தால் “தெரியலை, வேண்டாம் ஸார்” என்று திருப்பிவிடுவார். தப்பாகச் சொன்னால் அவர் தலையில்தான் விடியும் என்பதால் மட்டும் இந்த ஜாக்கிரதை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதுவும் ஒரு காரணம். இலக்கிய விமர்சகன் தலையில் எதுவும் விடிவதில்லை.

விடிவதில்லை என்று நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நாவலுக்கு ஐந்து பக்கம் மதிப்புரை எழுதினேன். எந்த நாவல், எந்தப் பத்திரிகை என்று சொல்லப்போவதில்லை. வட்டம் சிறிது, ஊகித்துக்கொள்வீர்கள். நான் மதிக்கும் மூன்று பேர் அதைப் பெரிய சாதனை என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு எழுபது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. பிடிவாதமாகப் படித்து முடித்தேன். பிறகு உட்கார்ந்து ‘இருண்மை’, ‘பிரக்ஞையின் அடித்தளம்’, ‘மொழியின் இறுக்கம்’ என்றெல்லாம் எழுதினேன். செர்ரி, செர்ரி, செர்ரி. நாவல் எனக்குப் பிடிக்கவில்லை என்பது ஐந்து பக்கத்தில் எங்கும் இல்லை. மதிப்புரை பாராட்டப்பட்டது. இரண்டு மாதம் கழித்துத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து கடிதம் வந்தது. என் மதிப்புரையைப் படித்துவிட்டுப் பணம் அனுப்பிப் புத்தகத்தை வரவழைத்தாராம். மூன்று முறை முயன்றும் உள்ளே போக முடியவில்லை. ‘குறை என்னிடம்தான் என்று நினைக்கிறேன். இதையெல்லாம் ரசிக்க எனக்குப் படிப்பு போதாது’ என்று எழுதியிருந்தார். பொறுமையாகத் திரும்பப் படியுங்கள் என்று பதில் போட்டேன். அதன் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை.

அந்த நாவல் மோசமானது என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய நாவலாகவே இருக்கலாம். அது எனக்குத் தெரியாமல் போயிற்று என்பதுதான் விஷயம். பிடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தால், ஏன் என்று கேட்டுக்கொண்டு என்றாவது திரும்பிப் போயிருப்பேன். அற்புதம் என்று சொல்லியாகிவிட்டது. பிறகு எதற்குப் போவது? பொய்ப் பாராட்டு அந்த வாசகரை வெளியே நிறுத்தியது, என்னையும் உள்ளே விடவில்லை.

டூரினில் இன்னும் நான்கு நாள் பாக்கி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் அந்த ஊர் முறைப்படி மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வேகவைத்தான். மேஜையில் ஒரு பரோலோவைத் திறந்து வைத்தான். உட்கார்ந்ததும், “டேய், அன்னைக்கு எனக்கு அது பிடிக்கலைடா” என்றேன். “தெரியும். பெரியவருக்கும் தெரியும். சாப்பிடு” என்றான்.

முதல் மடக்கு அதே பாக்கு. இந்தத் தடவை நான் அதற்கு ‘டானின்’ என்று பெயர் சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. துவர்ப்பு என்று சொல்லிக்கொண்டேன். அறுசுவையில் அதற்கொரு இடம் கொடுத்து, வாழைப்பூவையும் மாவடுவையும் இலையில் வைக்கிற ஊரிலிருந்து போனவன், அதே ருசி கண்ணாடிக் கோப்பையில் வந்ததும் அடையாளம் தெரியாமல் விழித்திருக்கிறேன். எச்சிலிலுள்ள புரதத்தை அது பற்றிக்கொள்வதால்தான் வாய் இழுக்கிறது என்கிறார்கள். இறைச்சியும் கொழுப்பும் வாயில் இருந்தால் அது அவற்றின் மேல் போய்ப் படிகிறது. மூன்றாவது மடக்கிலும் பாக்கு இருந்தது. ஆனால் இப்போது அது எதையோ பிடித்துக்கொண்டு நின்றது. மற்ற வாசனைகள் அதன் மேல் ஏறி வந்தன. பிடித்ததா என்றால், தெரியவில்லை. இன்னும் பார்பேராதான் பிடித்திருக்கிறது. மறுபடி ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. நோட்டை எடுத்து, செர்ரியை அடித்துவிட்டுப் பாக்கு என்று எழுதினேன்.

இந்தத் துவர்ப்பை வைத்து அந்தக் குன்றுகளில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. நம் புதுக்கவிதைச் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. பழைய முறையில் பரோலோவைப் பெரிய பழைய பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைப்பார்கள். இளைஞர்கள் சிலர் பர்கண்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பாரிக் என்ற சிறிய புது ஓக் பீப்பாய்களைக் கொண்டுவந்தார்கள். துவர்ப்பு சீக்கிரம் தணியும், வனிலா வாசனை ஒன்று ஏறும். எலியோ அல்தாரே என்பவர் 1983-ல் அப்பாவின் பழைய பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார். அப்பா மகனுக்குச் சொத்து இல்லை என்று எழுதிவைத்துவிட்டார். எதிர்ப் பக்கத்தில் பர்தோலோ மஸ்கரெல்லோ, 2005-ல் இறந்தவர், பாரிக்கும் வேண்டாம் பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தன் கையால் வரைந்த லேபிளை ஒட்டினார். ரம்பம் எடுத்த மகன் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. நாமெல்லாம் அந்த வேலையைக் காகிதத்தில் செய்தவர்கள். ஆனாலும் கிழவர் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. எனக்குப் பிடிக்கும்படி அது மாறிக்கொள்ள வேண்டும் என்று கேட்க உரிமை இல்லை. இன்று அங்கே பல பேர் இரண்டு முறைகளிலிருந்தும் எடுத்துக்கொள்கிறார்கள், பெரிய பீப்பாய்களுக்குத் திரும்பியவர்களும் உண்டு.

ஊருக்குத் திரும்பிய பின் அந்த நாவலைத் தேடி எடுத்தேன். இப்போது 42-ம் பக்கத்தில் இருக்கிறேன். வேகம் இல்லை, ஆனால் போன தடவை எந்த இடத்தில் வாய் இழுத்தது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போகிறேன். கடிதம் எழுதியவரின் முகவரி பழைய டயரியில் இருக்கிறது. அவருக்கு ஒரு இன்லண்டு லெட்டர் தொடங்கி வைத்திருக்கிறேன். ஒரு வரிதான் ஆகியிருக்கிறது. ‘அந்த நாவல் அன்று எனக்கும் பிடிக்கவில்லை.’